தலைமை விருந்தினரின் விரல்கள்

புருஷோத்தமன் தன் வலது கையின் ஐந்து விரல்களையும் அகார் தட்டில் பதித்து, புகைப்படக்காரருக்காக அரை நிமிடம் அப்படியே வைத்திருந்தார். அகார் பார்ப்பதற்கு வெளிர்மஞ்சள் ஜெல்லி. கிருமிகளுக்கு அது கல்யாணச் சாப்பாடு. பதிப்பதற்கு முன் நான் சானிடைசர் புட்டியை நீட்டினேன். அவர் வேண்டாம் என்று கையசைத்துவிட்டு மைக்கை நோக்கித் திரும்பினார்.

"முப்பது வருஷமா ஸ்டெரைல் ஏரியாவுல இருக்கேன். என் கையில ஒண்ணும் வளராது. வளரவும் பயப்படும்."

அரங்கம் கைதட்டியது. முதல் வரிசையில் எங்கள் துறைத்தலைவர் டாக்டர் அனந்தகிருஷ்ணன் எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தார். நான் தட்டை மூடும்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாசலில் இறங்கியதிலிருந்து அந்தக் கை நாற்பது பேரோடு குலுக்கியிருந்தது, ஒரு மிர்ச்சி பஜ்ஜி தின்றிருந்தது, பேச்சின் நடுவே ஏழெட்டு முறை மூக்கைத் தடவியிருந்தது.

மற்ற துறைகளில் விழா என்றால் குத்துவிளக்கு ஏற்றுவார்கள். எங்கள் மைக்ரோபயாலஜி துறையில் தலைமை விருந்தினர் தட்டில் விரல் பதிப்பார். இது அனந்தகிருஷ்ணன் சார் பதினோரு வருஷத்துக்கு முன் கண்டுபிடித்தது. அவருடைய ஒரே கண்டுபிடிப்பும் அதுதான். தட்டை முப்பத்தேழு டிகிரி சூட்டில் இரண்டு நாள் வைப்போம். மூன்றாம் நாள் மாணவர் சங்கச் செயலாளர் அதைப் பார்த்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு தட்டின் படம் அறிவிப்புப் பலகையில் ஏறும். இதுவரை ஒரு எம்.எல்.ஏ., ஒரு யோகா குரு, ஒரு வங்கி மேலாளர், மீன் ஏற்றுமதி செய்யும் ஒரு கொடைவள்ளல் என்று பதினோரு பெரிய மனிதர்கள் பதித்திருக்கிறார்கள். ஒருவர் கையிலும் ஒரு கிருமிகூட இருந்ததில்லை. பதினோரு வரியிலும் 'வளர்ச்சி இல்லை'. மருத்துவ உலகம் கவனிக்கத் தவறிய அதிசயம் அது. அதை நிகழ்த்தி வந்தவன் நான்.

என் பெயர் உலகநாதன். லேப் அசிஸ்டென்ட். இருபத்திரண்டு வருஷமாக இங்கே அகார் காய்ச்சி ஊற்றுகிறேன். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் ஒரு தட்டை யாரும் தொடாமல் தனியே வைக்க வேண்டும். அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். அதில் எதுவும் வளராவிட்டால் அகார் சுத்தம், மற்ற தட்டுகளில் வளர்ந்ததெல்லாம் கையிலிருந்து வந்தது என்று அர்த்தம். நான் செய்தது சின்ன வேலைதான். மூன்றாம் நாள் காலை கன்ட்ரோல் தட்டின் எழுத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு விருந்தினரின் பெயரை எழுதுவேன். அவருடைய நிஜத் தட்டு கிருமி சாக ஆவியில் வெந்து குப்பைக்குப் போய்விடும். "வந்தவாளை அவமானப்படுத்தப்படாது, உலகநாதன்" என்பார் சார். எனக்கும் அப்போதெல்லாம் அது மரியாதையாகத்தான் பட்டது.

இந்த முறை விஷயம் கொஞ்சம் பெரிது. புருஷோத்தமன் இதே கல்லூரியில் படித்தவர். இப்போது ஊசிமருந்து தயாரிக்கும் ஒரு கம்பெனியில் வைஸ் பிரசிடெண்ட். அங்கே லேபில் ஒரே ஒரு டிரெய்னி இடம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை தானே வந்து இண்டர்வியூ செய்கிறேன் என்று அறிவித்திருந்தார். எங்கள் துறையின் சுவரில் ஒரு பெரிய போஸ்டர் உண்டு: 'மைக்ரோபயாலஜி படித்தால் நீங்கள் ஆகலாம்' என்ற தலைப்பின் கீழே தடயவியல் நிபுணர், தடுப்பூசி விஞ்ஞானி, விண்வெளி நுண்ணுயிரியலாளர். போன வருஷம் வெளியே போன முப்பத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் அமீர்பேட்டையில் மெடிக்கல் கோடிங் படித்து, அமெரிக்காக்காரனின் மூட்டுவலிக்கு நம்பர் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாலு பேர் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறார்கள். விண்வெளிக்கு இன்னும் யாரும் கிளம்பவில்லை.

ஆகவே அந்த ஒரு இடம் பெரிய இடம். இண்டர்வியூ பட்டியலில் முதல் பெயர் ரஞ்சனா. சங்கச் செயலாளரும் அவள்தான்.

திருமுல்கேரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பெண். அப்பா கிரி, பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவு. மூன்று வருஷமாக அவளைப் பார்க்கிற சொந்தக்காரர்கள் எல்லாம் "மெடிக்கல் கிடைக்கலியா?" என்று துக்கம் விசாரித்திருக்கிறார்கள். மே மாதத்துக்குள் லேப் வேலை கிடைக்காவிட்டால் கோடிங் வகுப்பு என்று வீட்டில் முடிவாகி, அத்தை அட்வான்ஸும் கட்டிவிட்டாள். அவளுக்கோ தட்டைப் பார்ப்பதில் ஒரு வெறி. மற்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு திறக்கும் தட்டை இவள் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டே எண்ணுவாள்.

வெள்ளிக்கிழமை காலை நான் லேபைத் திறந்து கன்ட்ரோல் தட்டில் 'புருஷோத்தமன்' என்று எழுதி முடித்துத் திரும்பியபோது, இன்குபேட்டர் முன்னால் அவள் நின்றிருந்தாள். கையில் நிஜத் தட்டு.

ஐந்து விரலும் அப்படியே முளைத்திருந்தன. பெருவிரலில் சாம்பல் நிறத்தில் ஒன்று மடிப்பு மடிப்பாகப் படர்ந்திருந்தது. மற்ற நான்கிலும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பொட்டுப் பொட்டாக, நெருக்கமாக. இருபத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு அழகான கையை நான் பார்த்ததில்லை.

"குட்த்துடும்மா அத. சீக்கிரம்."

"கைக்கு அங்கிள்?" ஏன் என்று கேட்கிறாள்; பள்ளிக்கூடத்து ஹிந்தி அவளுக்கு முதலில் வரும், தமிழ் பின்னால் வரும். பிறகு என் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். "அது கன்ட்ரோல்தானே? அதுல எதுக்கு அந்த சார் பேரு?"

நான் பதில் சொல்வதற்குள் அனந்தகிருஷ்ணன் சார் வந்துவிட்டார். பார்த்தார், புரிந்துகொண்டார், கதவைச் சாத்தினார்.

"ரஞ்சனா, நீ சமத்துப் பொண்ணு. 'நோ குரோத்'னு ஒரு வரி எழுதி சைன் பண்ணிடு. பத்து மணிக்கு அவர் வரார். வேலை உனக்குத்தான்னு நேத்தே சொல்லிட்டார். அவா கம்பெனி பத்திரிகையில இந்தப் போட்டோ வரப்போறது."

"வளந்திருக்கு சார்."

"கண்ணு எனக்கும் இருக்கும்மா."

"அப்ப நீங்க எழுதுங்க சார்."

சார் என்னைப் பார்த்தார். நான் டீ வாங்கப் போகிறேன் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். டீ வாங்கப் போவது அரசு அங்கீகாரம் பெற்ற கோழைத்தனம். நம் அலுவலகங்களெல்லாம் அதை நம்பித்தான் ஓடுகின்றன.

திரும்பி வந்தபோது சார் தன் அறைக்குப் போயிருந்தார். அவள் வராந்தாவில் பையையும் மூடிய பதிவேட்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எழுதிட்டியா?"

"ஹவ், எழுதிட்டேன்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது; அதற்கு எனக்கு எந்த உரிமையும் இல்லை.

பத்தரைக்குத் துறைத்தலைவர் அறையில் இண்டர்வியூ. நான் டிரேயில் டீயும், ஓரமாக அந்தக் கன்ட்ரோல் தட்டும் வைத்துக்கொண்டு போனேன். புருஷோத்தமன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே ரஞ்சனா, மேஜையின் ஓரத்தில் அனந்தகிருஷ்ணன் சார்.

"எங்க என் பிளேட்டு?" என்றார் புருஷோத்தமன். டிரேயிலிருந்து எடுத்துப் பார்த்தார். கண்ணாடி மாதிரி சுத்தம். "பாத்தியாம்மா? இதுதான் டிசிப்ளின்."

"சார், அது உங்களுது இல்ல," என்றாள் ரஞ்சனா. பையிலிருந்து இன்னொரு தட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். சுற்றிலும் டேப் ஒட்டியிருந்தது. பக்கத்தில் பதிவேட்டைத் திறந்து வைத்தாள். பதினோரு 'வளர்ச்சி இல்லை'க்குக் கீழே பன்னிரண்டாவது வரி நீளமாக இருந்தது: 'ஐந்து விரலிலும் வளர்ச்சி உண்டு. நாலு விரல் சேர்த்து இருநூற்றுப் பதினாறு பொட்டு. பெருவிரல் எண்ண முடியாத அளவு.' கீழே அவள் கையெழுத்து.

அனந்தகிருஷ்ணன் சாரின் டீ சாஸரில் சிந்தியது.

புருஷோத்தமன் அந்தத் தட்டைத் தொடவில்லை. எட்டி நின்று திறந்துகிடக்கும் சாக்கடையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இது மீடியா கண்டாமினேஷன். அகாரை ஒழுங்கா ஸ்டெரிலைஸ் பண்ணியிருக்க மாட்டாங்க. இந்த மாதிரி காலேஜ்ல யாரோ ஒருத்தன் அடுப்புல காய்ச்சி ஊத்துவான். உனக்கு அனுபவம் போதாதும்மா, அதனால தெரியல."

யாரோ ஒருத்தன் டிரேயோடு இரண்டடி தள்ளி நின்றிருந்தான்.

பதினோரு வருஷம் பொய் எழுதினேன், அப்போது எனக்கு உறைக்கவில்லை. என் அகாரில் அழுக்கு என்று சொன்னதும் உறைத்தது. மனிதனுடைய மானம் எங்கே கிடக்கிறது என்று அவனுக்கே தெரிவதில்லை. நான் டிரேயை வைத்தேன். சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் ஸ்பிரிட் பஞ்சை எடுத்து, அவர் கையிலிருந்த தட்டை வாங்கித் திருப்பி, அடியில் இருந்த 'புருஷோத்தமன்' என்ற பெயரைத் துடைத்தேன். ஒரே இழுப்பில் போய்விட்டது. இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"மீடியா நான் ஊத்தனது சார். ஒரே குடுவை, ஒரே நாளு. இது கன்ட்ரோலு, யாரும் தொடாதது. அது நீங்க தொட்டது."

"உலகநாதன்!" என்றார் அனந்தகிருஷ்ணன் சார். அந்த அறையில் அவர் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

"யார் கைய வெச்சாலும் வளரும் சார்," என்றாள் ரஞ்சனா. "என் கைலயும் வளரும். அதுல ஒண்ணும் தப்பு நை. புதன்கிழமை ஸ்பீச்ல நீங்கதானே சொன்னீங்க, எங்க லேப்ல பாத்தத மட்டும்தான் எழுதணும், மாத்தி எழுதினா அன்னைக்கே வெளியன்னு?"

"சொன்னேன். அதுக்கு?"

"வேலைக்குச் சேந்தா நான் தினம் உங்க ஆளுங்க கைய இப்படித்தான் பாக்கணும். இல்லியா சார்? இங்கயே வளரலேன்னு எழுதிட்டு வந்தா, அங்க என்னத்த எழுதுவேன்?"

"மூணாவது வருஷம் பி.எஸ்ஸி. நீ என்கிட்ட கேள்வி கேக்கறே."

"இண்டர்வியூதானே சார். நீங்க இன்னும் ஒண்ணுமே கேக்கல."

வெளியே வராந்தாவில் அடுத்த இரண்டு பிள்ளைகள் போஸ்டரின் கீழே உட்கார்ந்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தது கேட்டது. எனக்கு இந்த வேலை போகுமா என்று யோசித்துப் பார்த்தேன். போனால் அகார் ஊற்ற ஆள் தேடுவார்கள், கிடைக்க மாட்டான், திரும்பக் கூப்பிடுவார்கள் என்று என் மனம் மளமளவென்று ஏற்பாடு செய்தது. அவளுக்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. இந்தக் கதவுக்கு வெளியே நேராக அமீர்பேட்டைதான்.

அவள் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினாள். அவள் கையெழுத்துக்கு வலது பக்கத்தில் 'சரிபார்த்தவர்' என்ற கட்டம் காலியாக இருந்தது.

"எண்ணிப் பாத்துட்டுப் போடுங்க சார். பெருவிரல விட்டுடலாம்."

புருஷோத்தமன் தன் விரல்கள் முளைத்திருந்த தட்டை இடது கையால் எடுத்தார். ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பிடித்தார். அவருடைய உதடு லேசாக அசைய ஆரம்பித்தது. ஒருகாலத்தில் அவரும் இந்த மாடியில் நின்று எண்ணியவர்தானே. அந்தப் பழக்கம் அவரைக் கேட்காமலே வந்துவிட்டது. அவருடைய வலது கை சட்டைப் பையிலிருந்து தங்கமுனைப் பேனாவை உருவி, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்தபடி காலிக் கட்டத்தின் மேல் நின்றது. அதே இரண்டு விரல்கள் இடது கையிலிருந்த தட்டில் வெயில் பட்டு மஞ்சளும் சாம்பலுமாகப் பளபளத்துக்கொண்டிருந்தன.