ஜெனரேட்டர் கடையில் வெளிநடப்பு

அடி அண்ணாமலை வாழ் பெருமக்களுக்கும், பௌர்ணமிதோறும் மலை சுற்ற வரும் பக்தகோடிகளுக்கும் தெரிவித்துக்கொள்வது யாதெனில்: டீக்கடை கோதண்டராமன் ஜெனரேட்டர் வாங்கப் புறப்பட்டுவிட்டார்.

போன பௌர்ணமியில் கரண்ட் போனபோது கூட்டம் மொத்தமும் விளக்கெரிந்த பக்கத்துக் கடைக்குப் போய்விட்டது. இதோ, இன்று மாலை அடுத்த பௌர்ணமி. ஆனாலும் கோதண்டராமனுக்கு ஜெனரேட்டரைவிடப் பெரியது, சொன்ன விலைக்கு எதையும் வாங்காத மனிதர் என்று ஊரில் அவருக்கிருந்த பேர்.

செங்கம் ரோட்டு ஷோரூமில் சினேகா என்ற விற்பனைப் பெண் முப்பதாயிரம் என்றாள். இவர் இருபத்தேழு என்றார்.

"ஃபிக்ஸட் ரேட் சார்."

"திருவண்ணாமலைல ஃபிக்ஸடா இருக்கறது மலை ஒண்ணுதாம்மா."

மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல் ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்தார். ஓட்டிக்காட்டச் சொல்லி, சத்தத்தில் சளி இருப்பதாகச் சொன்னார். வரிசையில் நின்ற இரண்டு பேர் அலுத்துப்போய் வெளியேறினார்கள்.

கடைசியில் தம் பிரம்மாஸ்திரத்தை எடுத்தார். எழுந்து போய்விடுவது. கடைக்காரன் கூப்பிடுவான், கூப்பிடும்வரை திரும்பிப் பார்க்கக்கூடாது.

"வா கஸ்தூரி."

அவர் மனைவி ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தாள். "முட்டி வலிக்குது. நீங்க முன்னாடி போங்க."

போனார். பின்னால் கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது. ரோடு முழுக்கக் கிரிவலக் கூட்டம், நகர்ந்துகொண்டே இருந்தார். பொறுக்கமுடியாமல் ஒரு கட்டத்தில் திரும்பினார்.

"அய்யா, எதிர்ல வராதீங்க. மலைய இடப்பக்கம் வுட்டு நடக்கறது பாவம்" என்றாள் ஒரு பக்தை. அவளுக்குப் பின்னால் ஆயிரம் பேர் அதையே முகத்தில் வைத்திருந்தார்கள். கோதண்டராமன் செருப்போடும் கோபத்தோடும் கிரிவலம் போனார்.

சொந்தக் கடை வாசலுக்கே கூட்டம் அவரைக் கொண்டுவந்து சேர்த்தது. அங்கே குங்குமப் பொட்டோடு ஜெனரேட்டர் நின்றது. கஸ்தூரி டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"லோடு ஆட்டோ சுத்து வழில வந்துடுச்சு. நீங்கதான் லேட்டு."

"முப்பதையும் குடுத்துட்டியா? என் பேரு என்னாவறது?"

"எங்க குடுத்தேன்? 'அவரு வாசல்லதான் நிப்பாரு, கூப்புடட்டுமா'ன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு வேணாங்கன்னுச்சு. 'சரி, கூப்புடாம இருக்க எவ்ளோ கம்மி பண்ணுவீங்க'ன்னேன். மேனேஜரே எழுந்து வந்துட்டாரு."

கோதண்டராமன் மூச்சு வாங்கி, டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? நான் எழுந்து வந்தன்னா எவனும் இறங்கி வந்துதான் ஆகணும்."

எவ்வளவுக்கு இறங்கினார்கள் என்று ஒருவர் கேட்டார்.

இருபத்தாறாயிரத்துக்கு. கோதண்டராமன் கேட்டதைவிட ஆயிரம் ரூபாய் கம்மி.