முதலில் யார் எழுந்திருப்பது

“மேடம், உங்க ஆராய்ச்சி ரூம்ல முதல்ல வீட்டுக்குக் கிளம்புறது யாரு?”

மார்ச் மாதத்து முதல் வகுப்பில், கடைசி வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. சமூக உளவியல் பேராசிரியர் பாங் ஹியான்சுக் தானும் சிரித்துவைத்தார். சட்டென்று பாடத்துக்குத் தாவினார்.

மேலதிகாரி எழுந்திருக்கும்வரை அலுவலகத்தில் ஏன் ஒருவரும் எழுந்திருப்பதில்லை என்பதுதான் பதினோரு வருடமாக அவருடைய ஆராய்ச்சி. தென் கொரியாவின் தேஜியோன் நகரில் அவர் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. ஆனால் தான் கிளம்பக் கோட்டு மாட்டிய பிறகுதான் தன் மாணவர்கள் இருவரும் கணினியை மூடுகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. கோடை விடுமுறைக்குள் அந்த ஆராய்ச்சிப் புத்தகம் அச்சுக்குப் போகவேண்டும். தன் அறையையே மாற்றத் தெரியாதவர், ஊருக்கான யோசனையை எந்த முகத்தோடு கடைசி அத்தியாயத்தில் எழுதுவது?

“ஆறு மணியானா கிளம்புங்கப்பா” என்றார். “சரிங்க மேடம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தே இருந்தார்கள். கதவில் அறிவிப்பு ஒட்டினார். ஆறு மணிக்கு அறை காலியானது. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

அடுத்த வாரம் ஒருநாள் ஏழு மணிவாக்கில் தற்செயலாக ஜன்னல் பக்கம் வந்தார். எதிர்க் காபிக் கடையில் இருவரும் மடிக்கணினியோடு உட்கார்ந்து, இவர் அறை விளக்கையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விறுவிறுவென்று இறங்கிப் போனார். “இங்க என்ன பண்றீங்க?”

மூத்த மாணவன் நோ க்யூதே பதறி எழுந்தான். “காபி குடிக்கலாம்னு...”

“ஒரு மணி நேரமா ஒரே கப்பா?”

பியோ சோரின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “லைட்டு அணையாம வீட்டுக்குப் போனா க்யூதே அண்ணனுக்குச் சோறு இறங்காது மேடம்.”

“ஏய், நேத்து இங்கயே உக்காந்து பஸ்ஸை விட்டது யாரு?”

“சண்டை அப்புறம். நான் ரூம்ல இருந்தா உங்களுக்கு என்னப்பா?”

“நீங்க வேலை செய்றப்போ நாங்க கிளம்பினா நல்லாவா இருக்கும்?” என்றான் க்யூதே.

சோரின் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். இத்தனை வருஷமா நீங்க ஏன் ஏழு மணிவரைக்கும் இருந்தீங்க?”

“நீங்க உழைச்சிட்டிருக்கப்போ நான் எந்திரிச்சுப் போனா, என்னைச் சோம்பேறின்னு நெனப்பீங்களேன்னுதான்...”

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஊழியர்களிடம் ஆயிரம் கேள்வி கேட்டவர், மேலதிகாரிகளிடம் இந்த ஒன்றைக் கேட்டதே இல்லை.

மறுநாளே மூவரும் தொலைபேசியும் கையுமாக உட்கார்ந்தார்கள். முப்பத்தெட்டு மேலதிகாரிகளில் இருபத்தாறு பேர் அதே பதிலைச் சொன்னார்கள். காபிக் கடைக் கதையோடு எல்லாவற்றையும் அவர் வகுப்பில் சொன்னபோது, கடைசி வரிசைப் பெண்தான் அதிகம் சிரித்தாள்.

“நாம ஒருத்தரை ஒருத்தர் காவல் காத்தது போதும்” என்றார் அறைக்கு வந்து. “முன்னாடி போறதுக்கு மன்னிச்சுக்கோங்கன்னு குனியிற வழக்கமும் இனிமே வேணாம்.”

இருவரும் பழக்கதோஷத்தில் குனிந்து, “சரிங்க மேடம்” என்றார்கள்.

ஜூன் மாதத்து வியாழக்கிழமை. கடைசி அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தார். மணி ஆறு. பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. அவர் திரும்பவில்லை, விரல்கள் மட்டும் விசைப்பலகையில் நின்றன. கணினித் திரை ஓரத்தில் ஒட்டியிருந்த சிறு கண்ணாடியில் சோரின் தெரிந்தாள். குனியப் போனவள் பாதியில் நிமிர்ந்தாள். க்யூதே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மன்னிப்பு ஒன்றும் கேட்காமல், கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.