யார் பாட்டன் தொடை

படகு மோப்தி நகரம் போய்ச் சேரும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று யாகெனேயிடம் கரையிலேயே சொல்லிவிட்டேன். யார் கேட்டாலும் அவள் என் மகள் பிந்தா. என்னோடு மீன் விற்க வருகிறாள்.

"வாயைத் திறந்தா உன் வெங்காய நாத்தம் ஊருக்கே தெரிஞ்சுடும்டி," என்றேன்.

"உன் மீன் நாத்தத்துல என் வெங்காயம் எங்க தெரியப் போகுது," என்றாள்.

எங்களுக்குள் எப்போதும் இப்படித்தான். அவள் தோகோன் இனம், நான் போசோ இனம். அவர்கள் மலைச்சரிவில் வெங்காயம் போட்டவர்கள், நாங்கள் ஆற்றுக்காரர்கள். ஏதோ ஒரு பஞ்சத்தில் எங்கள் இரு இனத்து முன்னோரில் ஒருவர் பிள்ளைக்கு இன்னொருவர் தன் தொடையை அறுத்துச் சமைத்துக் கொடுத்த உறவு. அறுத்தது யார், தின்றது யார் என்ற சண்டை மட்டும் இன்றுவரை தீரவில்லை. பார்த்த இடத்தில் திட்டிக்கொள்வோம், கோபிக்கக் கூடாது. கேட்டதை இல்லையென்று சொல்லக் கூடாது. ஒருவர் ரத்தத்தை மற்றவர் சிந்தினால் வம்சம் விளங்காது. அதனால்தான் அவள் அம்மா வந்து, "என் மகளைப் பரீட்சைக்குக் கொண்டுபோய் விடு, மீன்காரி" என்றபோது என்னால் மறுக்க முடியவில்லை. மறுக்கத்தான் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

துப்பாக்கியோடு வந்தவர்கள் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தை எப்போதோ பூட்டிவிட்டார்கள். யாகெனே வீட்டுக்குள் அடைந்து கிடந்தே ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை முடித்தாள். தேர்வு மோப்தியில், மறுநாள் காலை. போன வருடம் இதே தேர்வுக்குக் கிளம்பிய பக்கத்து ஊர்ப் பெண்ணை வழிமறித்துச் சாட்டையால் அடித்தார்கள். கூடப் போன தகப்பன் இன்னும் வீடு திரும்பவில்லை. ஒரு பெண் நாலு கணக்குப் போட்டால் இவர்களுக்கு எது குறைந்துபோகும் என்று எனக்கு விளங்கவே இல்லை.

மழை இன்னும் வரவில்லை. ஆறு வற்றிக் கிடந்தது. வற்றிய ஆற்றில் படகு போக ஒரே வழிதான், அந்த வழியும் கரையை ஒட்டி. அங்கேதான் துப்பாக்கிக்காரர்கள் இரண்டு பேர் காவல் இருந்தார்கள். முண்டாசு கட்டிய பெரியவன் கருவேல மர நிழலில் உட்கார்ந்திருந்தான். இளையவன் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து என் படகின் விளிம்பைப் பிடித்தான். பிடித்த விதத்திலேயே தெரிந்தது, படகில் பிறந்தவன். பேசியதும் எங்கள் பாஷை.

"எங்க போறீங்க, சித்தி?"

"சந்தைக்கு. இவ என் மகள் பிந்தா."

அவன் கூடையிலிருந்து ஒரு சுட்ட மீனை எடுத்து, முதுகுப் பக்கமாகப் பிளந்து தின்றான். தின்னட்டும், மீன் போனால் போகிறது என்று கழியை ஊன்றப் போனேன். ஆனால் வீட்டு ருசி நாக்கில் பட்டதும் அவனுக்குக் குஷி வந்துவிட்டது.

"உங்க ஊர்ல வெங்காயக்காரங்க இன்னும் இருக்காங்களா? தண்ணியைப் பார்த்தா அழுவானுங்களே. எங்க பாட்டன் தொடைக்கறியைத் தின்னு உடம்பை வளர்த்தவனுங்க," என்றான்.

"அது எங்க பாட்டன் தொடை. தின்னுட்டு வாயைத் தொடைச்சது உங்க பாட்டன்," என்றாள் யாகெனே.

பேசத் தெரிந்த நாளிலிருந்து சொல்லி வந்த பதில். தும்மலை அடக்க முடியுமா, அதுபோல வந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை அப்படியே ஆற்றில் தள்ளியிருப்பேன்.

அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"எங்க பாட்டன்னா? யார் நீ?"

"சின்னப் பொண்ணு தம்பி, உளறுறா..." என்று ஆரம்பித்தேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. அவன் கை துப்பாக்கி வாருக்குப் போயிருந்தது.

"என்னடா அங்க?" என்று கரையிலிருந்து பெரியவன் குரல் கொடுத்தான்.

யாகெனே முக்காட்டைப் பின்னால் தள்ளிவிட்டு இளையவனை நேராகப் பார்த்தாள்.

"நான் தோகோன். டெம்பெலி வீட்டுப் பொண்ணு. பரீட்சை எழுதப் போறேன். நீ போசோ. நான் கேக்குறேன், வழி விடு."

"மெதுவாப் பேசு." அவன் பல்லைக் கடித்தான். "அந்த உறவெல்லாம் இங்க கிடையாது. எல்லாத்தையும் விட்டுட்டுத்தான் வந்திருக்கோம்."

"அப்ப ஏன் கிண்டல் பண்ணின?"

அவன் மீன் எண்ணெய் வழிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றான். பார்த்தால் பதினெட்டு வயதுகூட இருக்காது போலிருந்தது. கரையில் பெரியவன் எழுந்து, துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்து வந்தான்.

"ஒண்ணுமில்லண்ணே," என்று இளையவன் திரும்பாமலே கத்தினான். "மீன்காரிங்க. அம்மாவும் மகளும் சண்டை போட்டுக்கிட்டு வர்றாளுங்க."

"கூடையெல்லாம் பாத்தியா?"

"பாத்துட்டேன். நாத்தம் தாங்கல."

பெரியவன் தண்ணீர் ஓரத்தில் நின்றான். எங்களையே பார்த்தான். நான் சும்மா இல்லாமல் யாகெனேயின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். பாதி நடிப்பு, பாதி நிஜம். பெரியவன் சிரித்துவிட்டு நிழலுக்குத் திரும்பினான்.

இளையவன் படகைத் தள்ள வாகாகக் குனிந்தான். அவன் முகம் எங்கள் முகத்தருகே வந்தது.

"இன்னிக்கு ஒரு தடவைதான் நான் போசோ," என்றான். "நீ இந்தப் பக்கம் திரும்பி வரக் கூடாது. வந்தா நான் போசோவா இருக்க மாட்டேன்."

தள்ளிவிட்டான். நல்ல தள்ளு.

ஆறு வளைந்து அவர்கள் மறையும்வரை நாங்கள் மூச்சுக் காட்டவில்லை. பிறகு, "எப்படி மடக்கினேன் பாத்தியா, மீன்காரி" என்று அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவன் சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கள் ஊருக்கு வேறு வழி கிடையாது. காட்டுப் பாதை முழுக்க அவர்கள் கையில்.

"அம்மா வாசல்ல காத்திருப்பாளே," என்றாள்.

"நான் போய்ச் சொல்லிக்கிறேன்."

"பாஸ் பண்ணினாகூட ஊருக்குப் போக முடியாதா?"

"ஃபெயிலானாலும் போக முடியாதுடி," என்றேன். "அதனால ஒழுங்கா எழுது."

அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் கழியை ஊன்றினேன். தூரத்தில் மோப்தியின் படகுத்துறை தெரிய ஆரம்பித்தது.