நீலம் தொடங்கும் உயரம்

எங்கள் கட்டடக் கம்பெனி என்றால் மொத்தம் மூன்று பேர்: நான், அண்ணன், தச்சர். அண்ணன் போய் எட்டு மாதம் ஆகிறது. நுரையீரல். ஆஸ்பத்திரியில் சேர்த்த பன்னிரண்டாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. சேர்ப்பதற்கு முந்தின வாரம்வரை அவன் வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தான்.

எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிகளுக்கு ஆறு வாரப் பயிற்சி ஒன்று நடத்தினார்கள். எங்கள் ஊர்க் குளிருக்கு அடுப்பெரிக்கிற மாதிரி எரிபொருளை விழுங்காத வீடு கட்டுவது எப்படி, பழைய வீட்டுச் சூடு சுவர் வழியே ஓடாமல் தடுப்பது எப்படி என்று பாடம். முடிவில், நாம் செய்த ஒரு வீட்டைச் சோதனைக்குக் காட்ட வேண்டும். தேறினால் அங்கீகாரம் பெற்ற கம்பெனிகளின் பட்டியலில் ஏறலாம், நாற்பது வீட்டு வேலை காத்திருக்கிறது. இல்லையென்றால் நானும் தச்சரும் எவரிடமாவது கூலிக்குப் போக வேண்டியதுதான்.

எனக்குக் கவலையே இல்லை. போன வருடம் ஐந்து வீடுகளில் இதே வேலையைத்தான் செய்திருந்தோம். சுவரின் உட்பக்கம் மரச்சட்டம், அதற்குள் சூட்டை வெளியே விடாத தடித்த பஞ்சு, மேலே பலகை. அண்ணன் பஞ்சு அடைப்பான், தச்சர் பலகை அடிப்பார், நான் அளவெடுப்பது, சாமான் வாங்குவது, எல்லோரையும் விரட்டுவது.

பயிற்சியில் வெப்பக் கேமரா ஒன்றைக் கையில் கொடுத்தனுப்பினார்கள். சூடான இடம் மஞ்சளாகத் தெரியும், குளிர்ந்த இடம் நீலமாக. குளிர் விடாத ஒரு காலையில், நாங்கள் கடைசியாக முடித்த வீட்டுக்கு அதை எடுத்துப் போனேன்.

படுக்கையறைச் சுவர் என் நெஞ்சளவுவரை மஞ்சள். அதற்கு மேல் கூரைவரை நீலம். அறையைச் சுற்றித் திருப்பினேன். நான்கு பக்கமும் அதே உயரத்தில், கொஞ்சம் ஏறியும் இறங்கியும், நீலம் தொடங்கியது.

"மேல்பக்கம் எப்பவும் சில்லுன்னுதாம்மா இருக்கு. நாங்கதான் இன்னும் பழகலைன்னு நெனச்சோம்," என்றார் வீட்டுக்கார அம்மாள்.

அந்தக் கோட்டின் மேல் கையை அழுத்திப் பார்த்தேன். எடுத்த பிறகும் திரையில் ஐந்து விரலும் மஞ்சளாய்ச் சுவரிலேயே நின்றன. என் கைச்சூடுதான், எனக்குத் தெரியாதா. இருந்தாலும் அது கொஞ்சம் கொஞ்சமாக மறையும்வரை திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டு நின்றேன்.

மற்ற நான்கு வீடுகளுக்கும் போனேன். நான்காவதில் நீலம் தோளளவில் தொடங்கியது. மூன்றாவதில் நெற்றி உயரத்தில். இரண்டாவதில் தலைக்கு மேல் ஒரு முழம். முதல் வீடு மட்டும் கூரைவரை மஞ்சள். அந்த வருடம் மாதாமாதம் அண்ணனின் கை எவ்வளவு உயரம் போனது என்று ஐந்து வீட்டுச் சுவரிலும் இருந்தது. நான் தினமும் அவன் பக்கத்தில்தான் இருந்தேன்.

தச்சரைப் பிடித்தேன். "பலகை அடிச்சது நீங்க. மேல காலியா இருந்தது கண்ணுல படலையா?"

"பட்டுச்சு. நான் ஏறி அடைக்கிறேன்னேன். வேணாம், நாளைக்கு நானே முடிச்சிடுறேன்னாரு உங்கண்ணன். நீங்க வாசல்ல நின்னு, சாயங்காலத்துக்குள்ள மூடியாகணும்னு கத்திக்கிட்டிருந்தீங்க. சரி மூடுங்கன்னுட்டாரு."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே."

"யார்கிட்ட, உங்ககிட்டயா?" என்றார். பிறகு அவரே, "மொத வீட்டைக் காட்டுங்க. அது சுத்தமா இருக்கு. போனவரு பேரும் கெடாது, நமக்கும் சோறு," என்றார்.

சோதனைக்கு முதல் வீட்டையே எழுதிக் கொடுத்தேன். அதன்பின் எந்த அறைக்குள் நுழைந்தாலும் என் பார்வை சுவரின் மேல்பாதிக்குத்தான் போயிற்று. பஸ்ஸில் யாராவது பின்னால் மூச்சு வாங்கினால் திடுக்கிட்டுத் திரும்பினேன். தாங்க முடியாமல் அண்ணியிடம் போனேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அண்ணனால கை தூக்க முடியலைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன. கடைசியில சட்டை மாட்டிவிட்டதே நான்தான். ஏணி ஏறினா மூச்சு வாங்கும், கையத் தூக்கினா இன்னும் மோசம்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லாதேன்னாரு. வேலை நின்னு போச்சுன்னு நீ ஆடித் தீர்த்துடுவியாம்." மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள். "உன்கிட்ட அவருக்குக் கொஞ்சம் பயம்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரே சொல்லும். அதை நான் பெருமையாக நினைத்திருந்தேன். அன்று அண்ணியின் எதிரில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் பயிற்சி நடத்தும் பெண்ணிடம் முதல் வீடு என்று எழுதியதை அடித்துவிட்டுக் கடைசி வீட்டை எழுதச் சொன்னேன். நடந்ததையும் மறைக்கவில்லை.

"இது தேறாதே. இந்த வருஷப் பட்டியல் உங்க கைய விட்டுப் போயிடும்," என்றாள்.

"போகட்டும்," என்றேன். நாலு வீட்டுக்காரர்களுக்கும் நானே போய்ச் சொன்னேன். ஒருவர் திட்டினார், வாங்கிக்கொண்டேன்.

கடைசி வீட்டிலிருந்து ஆரம்பித்தோம். தச்சர் பலகையைக் கழற்றினார். நெஞ்சளவுவரை பஞ்சு ஒரு நூல் இடைவெளி இல்லாமல், மூலைகளில்கூட விரலால் அழுத்தி, கச்சிதமாக இருந்தது. அதற்கு மேல் வெறும் சட்டம். தச்சர் ஏணியில் ஏறப் போனார், நான் விடவில்லை. ஏறி, கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பஞ்சை அடைக்க ஆரம்பித்தேன். அரை மணி நேரத்தில் தோள் இரண்டும் கனத்து மூச்சு வாங்கியது. கைகளைத் தொங்கவிட்டு ஏணியிலேயே நின்றேன். தச்சர் அடுத்த துண்டை ஏந்திக்கொண்டு கீழே காத்திருந்தார். என்னை யாரும் அவசரப்படுத்தவில்லை.