வேணாம், டீச்சர்

அப்பாவின் வலது கன்னத்தை மழித்து முடித்து, ரேசரைக் கிண்ணத்துத் தண்ணீரில் அலசும்போதுதான் அவள் அந்தப் பேச்சை எடுத்தாள். பாதி முகம் நுரையோடு படுத்திருப்பவர் எங்கே எழுந்து போய்விடப் போகிறார் என்ற தைரியம்தான்.

“அப்பா, பள்ளிக்கூட வேலையை விடப் போறேன்.”

அப்பா கண்ணைத் திறந்தார். வீடு வீடாகப் பெயிண்ட் அடித்தே காலம் தள்ளிய மனிதர். நுரையீரல் கெட்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு தலையணைகளில் சாய்ந்து கிடந்தாலும் காது மட்டும் பாம்புச் செவி.

“விட்டுட்டு?”

“என்கூடக் கெமிஸ்ட்ரி படிச்சவ பெயிண்ட் கம்பெனி ஆரம்பிச்சிருக்கா. விஷ வாசனை இல்லாத பெயிண்ட். லேப்பை நான் பாத்துக்கணுமாம். இன்னைக்குள்ள பதில் கேட்டிருக்கா.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே இருமல் அதை விழுங்கியது. “வாசனை இல்லாத பெயிண்டும் பொய் சொல்லாத மேஸ்திரியும் உலகத்துலயே கிடையாது.”

“நானே கலந்து, பலகையில அடிச்சு, மொட்டை மாடி மழையில போட்டுப் பாத்தேன்பா. உரியல.”

“வேணாம், டீச்சர்.”

அவளுக்கு வேலை கிடைத்த நாளிலிருந்து அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டீச்சர்தான். மழை வந்தால் அடுப்பு எரியாத வீட்டில், மழையிலும் சம்பளம் வாங்கும் ஒருத்தி உண்டானதை அந்தத் தெருவில் அவர் சொல்லாத ஆள் இல்லை.

“இந்த நாத்தம் வீட்டை விட்டு ஒழியட்டும்னுதான் உன்னைப் படிக்க வச்சேன்.”

“ஒழிக்கத்தான்பா போறேன்.”

“வாயைப் பாரு! கிளாஸ்ல பசங்க எப்படித்தான் உன்னைத் தாங்குதுங்களோ.”

“நீங்க தாங்கலையா?”

அவர் முகம் தெளிந்திருந்தது. படுத்த நாளிலிருந்து எல்லாரும் அவரிடம் ஆமாம் ஆமாம் என்று மெல்லிய குரலில் தலையாட்டியே பேசினார்கள். சண்டைக்கு ஓர் ஆள் கிடைத்ததில் அவருக்குத் தெம்பு. கையை உயர்த்தி, “வேணாம்னா வேணாம்” என்றார். கை இறங்கியது. ஒரு மூச்சு இழுத்தது. அடுத்தது வரவில்லை.

“அண்ணா!”

அண்ணன் ஓடி வந்தான். டாக்டர் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். வாசலில் செருப்புகள் சேரத் தொடங்கின. அவள் வேறு தண்ணீர் கொண்டுவந்தாள். காய்ந்த நுரையைத் துடைத்து, புதிதாகப் பூசி, இடது கன்னத்தை மழித்தாள். தாடைக் குழிவில் மட்டும் இரண்டாம் தடவை ஓட்டினாள். அங்கேதான் அவருக்கு எப்போதும் விட்டுப்போகும்.

மறுநாள் அடக்கம் முடிந்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது அத்தை கேட்டாள்.

“கடைசியா என்னம்மா சொன்னான் என் தம்பி?”

எல்லாத் தலையும் திரும்பியது. பள்ளித் தலைமை ஆசிரியையும் ஒரு நாற்காலியில் இருந்தார். “நல்லபடியாப் போயிட்டு வான்னார்” என்று சொன்னால் போதும். அறையில் வேறு யாரும் இருக்கவில்லை. கேள்வி அதோடு முடிந்துவிடும்.

“வேணாம்னார் அத்தை. பள்ளிக்கூட வேலையை விட்டுட்டுப் பெயிண்ட் கம்பெனிக்குப் போறேன்னேன். வேணாம்னுட்டார்.”

“அப்புறமென்ன? அவன் சொன்னா சொன்னதுதான்.”

“இல்ல அத்தை. போறேன்.”

தேநீர் டம்ளரை வைத்துவிட்டு அண்ணன் எழுந்தான். “உசிரு போற நேரத்துல சொன்ன வார்த்தை. அதுக்கு இவ்வளவுதான் மரியாதையா?”

“மரியாதைக்குத்தான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஆசீர்வாதம் பண்ணாருன்னு சொல்லியிருந்தா நீ நம்பியிருக்க மாட்டியா?”

அவன் பேச்சை மாற்றினான். “கம்பெனி ஊத்திக்கிட்டா?”

“சாக்பீஸ் பிடிக்க மறந்தா போயிடும்? ஆனா ஊத்திக்காது.”

தலைமை ஆசிரியை தயங்கித் தயங்கி, “பத்தாம் வகுப்புப் பரீட்சை வருதே...” என்றார்.

“பரீட்சை முடியற வரைக்கும் வருவேன், மேடம். பிள்ளைங்களைப் பாதியில விட மாட்டேன்.”

வாசலுக்கு வந்து தோழிக்குப் போன் செய்தாள். நேற்றே சொல்லியிருக்க வேண்டிய பதில்.

“இன்னைக்கா சொல்லணும்? நாலு நாள் போகட்டும், யோசிச்சுச் சொல்லேன்” என்றாள் தோழி.

“யோசிச்சாச்சு. பரீட்சை முடிஞ்ச மறுநாள் வர்றேன்.”

உள்ளே வந்தபோது கூடம் காலியாகிவிட்டிருந்தது. வாடகை நாற்காலிகளை அடுக்கிவிட்டு, அண்ணன் பின்வாசல் படியில் தனியாக உட்கார்ந்திருந்தான். காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை. அவளுக்கும் இடம் விட்டு, சுவர்ப் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான்.