நாலு பங்காய்ப் போன துப்பறிவாளர்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குக் காலை பாசஞ்சரில் வேலைக்குப் போகும் சீசன் டிக்கெட்காரர்கள் நாலு பேருக்கு ஒரு வழக்கம் உண்டு. மாதம் பிறந்ததும் ஸ்டேஷன் கடையில் ஒரே ஒரு பாக்கெட் நாவல் வாங்குவார்கள். தாண்டவராயன் அதை நாலாகக் கிழித்து ஆளுக்கொரு பங்கு கொடுப்பார். படித்து முடித்ததும் மாற்றிக்கொள்வார்கள். யாருக்கு எந்தப் பங்கு வந்தாலும் குறைவில்லை. எங்கே தொடங்கினாலும் ஒரு பிணம் விழும், ஒரு கார் துரத்தும். எண்பதுகளின் மர்மக் கதைகளை இப்படிப் படிக்கவென்றே எழுதினார்களோ என்னவோ.

அந்தக் கூட்டத்தில் சீனுவாசனுக்கு மட்டும் வயிற்றெரிச்சல். சின்ன வயதில் படித்த பழைய துப்பறியும் நாவல் ஒன்றை அப்போதுதான் மறுபடி படித்திருந்தார். பையனாக இருந்தபோது அடிதடிக்காகப் படித்தவர். தலை நரைத்தபின் படித்தால் அடிதடியே கண்ணில் படவில்லை. அந்தத் துப்பறிவாளரைப் போலீஸும் அடிக்கிறது, ரவுடியும் அடிக்கிறான், வேலை கொடுத்தவனே குழிபறிக்கிறான். அப்பேர்ப்பட்ட மனுஷன், கொலையான டைப்பிஸ்ட் பெண்ணின் தாயாரிடம் விஷயத்தைச் சொல்லப் போய், வாய் வராமல், அவள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பி வருகிறார். ஓர் அத்தியாயம் முழுக்க அவ்வளவுதான். இப்போதைய கதைகளில் செத்தவளுக்குத் தாயார் ஒருத்தி இருப்பாள் என்கிற நினைப்பாவது எவனுக்காவது வருகிறதா என்று சீனுவாசன் பொருமினார்.

முதல் பக்கத்தில் பிணம் விழாத கதையை எவன் படிப்பான் என்று தாண்டவராயன் சிரித்தார். அவ்வளவு பெரிய கதையென்றால் கொண்டுவந்து காட்டச் சொன்னார்.

அங்கேதான் சிக்கல். புத்தகம் சீனுவாசனுடையது அல்ல. அவர் மனைவி கெங்கம்மாளின் அண்ணன் வைத்திருந்தது. காமாலையில் செத்துப்போன அண்ணன். அவன் ஞாபகமாக அவளிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தாளே தவிர, ஒரு நாளும் பிரித்துப் பார்த்ததில்லை. அண்ணன் பேச்சு எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். புருஷன் கேட்டதற்காக, வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்ற கண்டிப்போடு கொடுத்திருந்தாள்.

வீம்பு யாரை விட்டது. மறுநாள் அவளுக்குத் தெரியாமல் எடுத்துப்போய் தாண்டவராயன் கையில் கொடுத்தார். விக்கிரவாண்டி தாண்டியதும் கண் அசந்தவர், மயிலத்தில் விழித்துப் பார்த்தால் புத்தகம் நாலு பங்காகி மூன்று பேர் கையிலும் ஒன்று தம் மடியிலுமாக இருந்தது. தாண்டவராயன் மேல் குற்றமில்லை. கை பழக்கத்தில் கிழித்துவிட்டது. சீனுவாசனுக்கு அழுகை வராத குறை.

ஆரம்பித்துவிட்டோமே, அவரவர் பங்கைப் படித்துவிட்டு மறுநாள் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார்கள். மறுநாள் தாண்டவராயன் தம் பங்கைக் கொடுத்தார், ஆனால் மனசில்லாமல். “ரெண்டாம் பங்கு யார்கிட்டப்பா கீது? அந்தம்மாகிட்ட அவரு சொன்னாரா, இல்லியா?” என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அடுத்த பங்கை அவர் வரிசைப்படி கேட்டது அதுதான் முதல் தடவை. வேறு நாளாயிருந்தால் சீனுவாசன் துள்ளிக் குதித்திருப்பார். கடைசிப் பங்கை வாங்கிப்போன விருத்தாசலம் மட்டும் வரவில்லையே என்ற கவலைதான் அவரை அரித்தது. அதற்கடுத்த நாட்களிலும் அவர் வரவில்லை. விசாரித்ததில், மனைவி அஞ்சம்மாளுக்கு வயிற்றில் ஆபரேஷன், விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கூட இருக்கிறார் என்று தெரிந்தது.

இனி மறைக்க முடியாது. சனிக்கிழமை வீட்டுக்கு வந்து மூன்று பங்கையும் கெங்கம்மாள் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். திட்டுவாள் என்று பார்த்தார். அவள் கிழிந்த ஓரத்தை விரலால் தடவினாள்.

“ரயில்ல போற கண்டவனும் கிழிக்கிறதுக்கா நான் பொத்தி பொத்தி வச்சிக்கினு இருந்தேன்?” என்று மட்டும் கேட்டாள். பிறகு மூன்று பங்கையும் பையில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு வழி காட்டச் சொன்னாள்.

வார்டில் விருத்தாசலம் இல்லை, சாப்பிடப் போயிருந்தார். கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து அந்தக் கடைசிப் பங்கைத்தான் அஞ்சம்மாள் படித்துக்கொண்டிருந்தாள். கெங்கம்மாள் கை நீட்டப் போனாள். இவர்கள் யாரென்றே தெரியாத அஞ்சம்மாள், சீனுவாசன் தம் பெயரைச் சொன்னதுமே முகம் மலர்ந்து முந்திக்கொண்டாள்.

“உங்க புக்குதானாங்க? யாருங்க இது, ஓரத்துல பென்சிலால எழுதி வச்சிக்கீறது? ‘டாக்டர்தான் கொலைகாரன்’னு பக்கத்துக்குப் பக்கம் சண்ட போடறாரு. கடைசில பக்கத்து வூட்டுக்காரன் மாட்டனதும், ‘அடப்பாவி, ஏமாந்துட்டேனே’ன்னு எழுதிக்கீறாரு. தையல் போட்ட வயிறுங்க, சிரிக்கக்கூட முடியல.”

அந்தப் பென்சில் எழுத்தைச் சீனுவாசனும் பார்த்தவர்தான். மனைவியிடம் சொன்னால் அழுவாளே என்று வாயைத் திறக்காமல் இருந்துவிட்டார்.

கெங்கம்மாள் பக்கத்தை வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று சீனுவாசன் பதறிக் கிட்டே போனார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் வழிய.

“எங்க அண்ணன். ஊசி போடுவாங்கன்னு சின்னதுலருந்தே அவனுக்கு டாக்டர்னாலே ஆவாது” என்றாள்.

கதையின் ஆரம்பம் தெரியாமல் தலை வெடிக்கிறது, கொலையான பெண்ணைப் பெற்றவளுக்கு விஷயம் எப்படித் தெரிந்தது என்று அஞ்சம்மாள் கேட்டாள். கெங்கம்மாள் பையிலிருந்து மூன்று பங்கையும் எடுத்து வரிசையாக அடுக்கி அவள் மடியில் வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

“எனக்கும் தெரியாதுங்க. மொதல்லருந்து வாய்விட்டுப் படிங்க. எங்கண்ணன் எழுதனதயும் விடாம படிங்க.”