அக்கா பேசுகிறாள்

பெரியவர்கள் சொல்லத் துணியாத பொய்யைச் சொல்லப் பிள்ளைகள்தான் கிடைப்பார்கள். மூத்த மகள் பெரியவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது அப்பா முதலில் பயந்தது தன் அக்காவை நினைத்துத்தான். வெளியூரில் இதய ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த அந்த அத்தைதான் பெரியவளைத் தூக்கி வளர்த்தவள். "கேட்டா அந்த நிமிஷமே போயிடுவா. உனக்கு அக்கா குரல் அப்படியே இருக்கு. ஒரே ஒரு தடவை பேசிடும்மா," என்று பதினைந்து வயதுச் சின்னவளின் கையில் போனைத் திணித்தார். சொந்தபந்தம் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டது.

ஒரு தடவை என்பது ஞாயிறுதோறும் என்றானது. அக்காவைப் போல இழுத்துப் பேசினாள், மூக்கால் சிரித்தாள். காலேஜில் சேர்ந்துவிட்டதாகக்கூட அளந்துவிட்டாள். அத்தைக்கு உடம்பு தேறிவிட்டது. அப்போதும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. சின்னவள் பேசும் நேரம் பார்த்து அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கதவோரம் வந்து நிற்பாள், கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள்.

ஒருநாள் வகுப்பில் தன் பெயரைக் கூப்பிட்டபோது சின்னவள் யாரையோ கூப்பிடுவதுபோல் உட்கார்ந்திருந்தாள். தோழி இடித்த பிறகு "உள்ளேன்" என்றாள். வந்தது அக்காவின் குரல். அன்றோடு தூக்கம் போனது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தன் குரலில் பேசிப் பார்த்தாள். எது தன் குரல் என்றே பிடிபடவில்லை.

அடுத்த ஞாயிறு அத்தை, "சரிடி, சின்னவகிட்ட குடு. அவ பேசியே எத்தனை நாளாச்சு," என்றாள்.

"நான் சின்னவதான் அத்தை."

"ஏண்டி, என்கிட்டயேவா? உன் குரல் எனக்குத் தெரியாதா? குடுடி அவகிட்ட."

"சத்தியமா நான்தான் அத்தை. அக்கா செத்துப்போயிட்டா."

"வாயைக் கழுவுடி! செத்தவளா இப்படிப் பேசுவா? உங்கம்மாகிட்ட குடு."

அம்மா வந்து போனை வாங்கினாள். "நான் யாருன்னு சொல்லும்மா," என்று சின்னவள் கெஞ்சினாள்.

அம்மா அவளை ஒரு கணம் பார்த்தாள். "விளையாடுறா அண்ணி. சின்னவ வெளிய போயிருக்கா. நீங்க பெரியவகிட்டயே பேசுங்க," என்று போனைத் திருப்பி நீட்டினாள்.

சின்னவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. உதட்டை இறுகக் கடித்துக்கொண்டாள். போனை வாங்கவில்லை.

"பெரியவளே... இருக்கியாடி? பெரியவளே..." என்று அத்தை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

பெரியவளை வீட்டிலிருந்து எடுத்துப்போன அன்று அழாத அம்மா, போனைப் பிடித்தபடி ஓவென்று அழுதாள்.